ஊரடங்கு முடிந்தது... 'உறவடங்கு' முடிந்ததா?



அண்மையில் வீடு சந்திப்புக்காக நம் பங்கிலுள்ள ஒரு கிளைக் கிராமத்துக்குச் சென்றிருந்தோம். ஒரு வீட்டின் வாசலில் நெகிழி நாற்காலி ஒன்று தனியாகக் கிடந்தது. எழுபத்தெட்டு வயதான அந்த வீட்டு அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்டோம். "அது மகனுக்குப் போட்டது சாமி. கொரோனா வந்தப்ப வெளியில இருந்தே பார்த்துட்டுப் போவான். இன்னும் அப்படித்தான். அரிசி, மருந்து எல்லாம் வாங்கிட்டு வந்து வச்சிட்டு, கால் மணி நேரம் அதுல உட்கார்ந்து பேசிட்டுக் கிளம்பிடுவான். எனக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னு பயம் அவனுக்கு. பேரன் மடியில உட்கார்ந்து அஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. இப்ப அவனுக்கு மடியில உட்கார்ற வயசும் போயிடுச்சு" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த மகன் கெட்டவர் அல்லர். தாயின்மீது அன்பில்லாதவரும் அல்லர். அன்பினால்தான் அவர் தள்ளி நிற்கிறார். ஆனால் எந்த விதிக்காக அவர் அன்று தள்ளி நின்றாரோ, அந்த விதி இன்று இல்லை. அப்படியானால் அவர் இன்னும் எதைக் கடைப்பிடிக்கிறார்? பெருந்தொற்றுக் காலத்தில் நாம் பழகிக்கொண்ட கட்டுப்பாடுகளை நம் குடும்பங்கள் இனியும் தொடர வேண்டுமா? இக்கேள்வியைச் சற்று பொறுமையோடு சிந்திப்போம்.

அன்று இருந்த விதி என்ன?

முதலில் நாம் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். "உறவினர்களைப் பார்க்கக் கூடாது" என்று நம் மாநிலத்தில் தனியாக ஒரு சட்டம் போடப்படவில்லை. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் தொடங்கிய ஊரடங்கு, இன்றியமையாத தேவையின்றி யாரும் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்று கட்டளையிட்டது. உறவினரைப் பார்ப்பது அந்தத் தேவைகளின் பட்டியலில் இல்லாததால் அதுவும் நின்றுபோனது. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் கேட்டார்கள். மருத்துவ அவசரம், நெருங்கிய உறவினரின் இறப்பு, திருமணம் போன்ற காரணங்களுக்கே அது கிடைத்தது. இறுதிச் சடங்கில் 20 பேர், திருமணத்தில் 50 பேர் என்று எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. 65 வயதைக் கடந்தவர்கள், நாள்பட்ட நோயுள்ளவர்கள், கருவுற்ற தாய்மார்கள், 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது. தாத்தா பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் பிரித்துவைத்தது இந்த அறிவுரைதான்.

2020 செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் பயணம் செய்ய இ-பாஸ் தேவையில்லை என்றாயிற்று. நம் ஆலயங்களும் அப்போதுதான் திறந்தன. பிறகு இரண்டாம் அலை வந்தது. 2021 மே 10 முதல் மீண்டும் முழு ஊரடங்கு. அப்போது மாவட்டங்களுக்கிடையே செல்ல இ-பதிவு கட்டாயமாக்கப்பட்டது. அந்த இ-பதிவில் அனுமதிக்கப்பட்ட காரணங்களுள் ஒன்று முதியோர் பராமரிப்பு என்பதை நாம் கவனிக்க வேண்டும். மிகக் கடுமையான நாட்களிலும்கூட, வயதான பெற்றோரைக் கவனிக்கச் செல்பவருக்குச் சட்டம் வழிவிட்டது. நம்மில் பலர் அந்த வழியைப் பயன்படுத்தவில்லை. பலருக்கு அப்படி ஒரு வழி இருந்ததே தெரியவில்லை.

அன்று கீழ்ப்படிந்தது தவறா?

"அத்தனையும் வீண் பயம். அன்றைக்கே நாம் அடங்கியிருக்கக் கூடாது" என்று இன்று சிலர் பேசுவதைக் கேட்கிறோம். நாம் அப்படிக் கருதவில்லை. நோய் புதியது. தடுப்பூசி இல்லை. மருத்துவமனைப் படுக்கைகள் குறைவு. 2021 மே மாதம் உயிர்க்காற்று உருளைக்காக மக்கள் இரவெல்லாம் அலைந்ததை நாம் மறக்க முடியுமா? கல்லறைத் தோட்டத்தில் ஒரே நாளில் இரண்டு, மூன்று அடக்கங்கள் செய்த அருள்பணியாளர்கள் பலர் உண்டு. அந்த நேரத்தில் விலகியிருப்பது பிறரன்பின் ஒரு வடிவமாகவே இருந்தது.

திருச்சபையின் வரலாற்றிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1576-ஆம் ஆண்டு மிலான் நகரில் கொள்ளைநோய் பரவியபோது அந்நகரின் பேராயராக இருந்தவர் புனித சார்லஸ் பொரோமியோ. மக்கள் வீட்டுக்குள்ளேயே தனித்திருக்க வேண்டியிருந்த நாட்களில், அவர் தெருச் சந்திப்புகளில் பலிபீடங்களை அமைக்கச் செய்தார். சன்னல்களிலும் வாசல்களிலும் நின்றபடியே மக்கள் திருப்பலியில் பங்கேற்றனர். தாமோ நோயாளிகளைத் தேடிச் சென்றார். கட்டுப்பாட்டை மதிப்பதும் மனிதரைக் கைவிடாதிருப்பதும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு அவர் சான்று.

ஆகவே, அன்று கீழ்ப்படிந்தவர்கள் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. அந்தக் கீழ்ப்படிதலை இன்றும் தொடர வேண்டுமா என்பதுதான் நம் கேள்வி.

காரணம் நீங்கினால் சட்டம் என்னவாகும்?

சட்டம் என்பது பொதுநன்மைக்காக, சமூகத்தின் பொறுப்பில் இருப்பவரால் அறிவித்து ஏற்படுத்தப்படும் அறிவார்ந்த ஒழுங்கு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்குகிறார். இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். பொறுப்பிலுள்ளவர் விலக்கிக்கொண்ட சட்டம் இனி நம்மைக் கட்டுப்படுத்தாது. பொதுநன்மைக்கு உதவாத ஒரு பழக்கத்துக்குச் சட்டம் என்ற மதிப்பைத் தரவும் கூடாது.

நடந்தவற்றைப் பார்ப்போம். 2022 சனவரியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நம் மாநிலத்தில் முழு ஊரடங்கு இருந்தது. அதன்பின் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் நடுவண் அரசு பிறப்பித்திருந்த கொரோனா கட்டுப்பாடுகள் 2022 மார்ச் 31-உடன் முடிவுக்கு வந்தன. 2023 மே 5 அன்று, கொரோனா இனி உலகளாவிய பொதுச் சுகாதார அவசர நிலை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அதே நாளில் அந்நிறுவனம் மற்றொன்றையும் சொன்னது. அவசர நிலைதான் முடிந்தது; நோய் மறைந்துவிடவில்லை. அது உண்மைதான். 2025 மே, சூன் மாதங்களிலும் நம் நாட்டில் தொற்று சற்றுக் கூடி, பின்னர் குறைந்தது. பெரும்பாலானவர்களுக்கு அது சாதாரணக் காய்ச்சலாகக் கடந்துபோனது. ஆனால் மிகவும் வயதானவர்கள், நீரிழிவு, இதயநோய், சிறுநீரகநோய் உள்ளவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோருக்கு இன்றும் அது ஆபத்தாகலாம்.

எனவே நம் முன்னால் மூன்று காரியங்கள் இருக்கின்றன. அரசின் விதி என்பது ஒன்று. அது முடிந்துவிட்டது. முன்மதி என்பது இரண்டாவது. அது முடியவில்லை, முடியவும் கூடாது. வெறும் பழக்கம் என்பது மூன்றாவது. இந்தப் பழக்கம்தான் சில வீடுகளில் விதியின் உடையையும் முன்மதியின் உடையையும் மாறி மாறி அணிந்துகொண்டு நம்மை ஏமாற்றுகிறது.

வெளியே அனுப்பிய திருச்சட்டம் உள்ளே அழைக்கவும் செய்தது

திருவிவிலியத்தில் நோயாளியைத் தனிமைப்படுத்தும் சட்டம் லேவியர் நூலின் 13-ஆம் அதிகாரத்தில் உள்ளது. தோலில் ஐயத்துக்குரிய தழும்பு உள்ளவரைக் குரு ஏழு நாள் தனியே வைப்பார். ஏழாம் நாள் மீண்டும் பார்ப்பார். தேவையெனில் இன்னும் ஏழு நாள். ஆக, அங்கே தனிமைக்கு ஒரு கணக்கு இருந்தது. மறுபடியும் சென்று பார்க்கும் கடமையும் இருந்தது. தொழுநோய் உறுதியானவர் மட்டும் நோய் இருக்கும் நாளெல்லாம் பாளையத்துக்கு வெளியே வாழ வேண்டும்.

இந்த 13-ஆம் அதிகாரத்தைப் பலரும் அறிவோம். அடுத்து வரும் 14-ஆம் அதிகாரத்தை நாம் அதிகம் வாசிப்பதில்லை. நலமடைந்தவரை மீண்டும் சமூகத்தில் சேர்க்கும் சடங்கு அங்கேதான் விளக்கப்படுகிறது. அதில் முதலில் நகர வேண்டியவர் நோயாளி அல்லர், குரு. குரு பாளையத்தைவிட்டு வெளியே சென்று அவரைப் பார்க்க வேண்டும். அதன்பின் படிப்படியாக அவர் பாளையத்துக்குள் வருவார். சில நாட்கள் கழித்துத் தம் கூடாரத்துக்குள் செல்வார். வெளியே அனுப்புவதற்கு எவ்வளவு கவனமோ, அதைவிட அதிகக் கவனம் உள்ளே அழைப்பதற்கு!

எண்ணிக்கை நூலின் 12-ஆம் அதிகாரத்தில் மோசேயின் சகோதரி மிரியாம் தொழுநோயால் பீடிக்கப்பட்டு ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே வைக்கப்படுகிறார். அவர் மீண்டும் உள்ளே சேர்க்கப்படும்வரை மக்கள் தங்கள் பயணத்தைத் தொடரவில்லை. நாமோ 2022-இலேயே பயணத்தைத் தொடங்கிவிட்டோம். கடைகளுக்குப் போகிறோம், திரையரங்குக்குப் போகிறோம், ஆயிரம் பேர் கூடும் திருமண மண்டபத்துக்கும் போகிறோம். மிரியாமை மட்டும் பாளையத்துக்கு வெளியே விட்டுவிட்டோமோ?

'கொர்பான்' என்ற சாக்கு

இங்கே நாம் நம் மனச்சான்றை நேர்மையாகக் கேட்க வேண்டும். மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இயேசு 'கொர்பான்' என்ற வழக்கத்தைக் கண்டிக்கிறார். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் 'கடவுளுக்குக் காணிக்கை' என்று சொல்லிவிட்டால், பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமையிலிருந்து தப்பிவிடலாம் என்று சிலர் கருதினார்கள். காணிக்கை நல்லதுதான். ஆனால் நல்ல ஒன்றை முன்னிறுத்தி இன்றியமையாத ஒன்றைத் தவிர்ப்பதை இயேசு ஏற்கவில்லை.

"கொரோனா" என்பது நம் காலத்தின் கொர்பானாக மாறிவிடக் கூடாது. தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் இடையே ஆண்டுக்கு நான்கு முறை வந்துபோன மகன், இப்போது காணொளி அழைப்பில் கையசைத்துவிட்டு, "உங்கள் பாதுகாப்புக்காகத்தான்மா வரவில்லை" என்கிறார். இதில் பாதுகாப்பு எவ்வளவு, வசதி எவ்வளவு என்று அவருக்குத்தான் தெரியும். கைப்பேசி நல்ல கருவி. அதை நாம் குறைகூறவில்லை. 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தாத்தா பாட்டியர் மற்றும் முதியோருக்கான உலக நாளை ஏற்படுத்தி, சூலை மாதத்தின் நான்காம் ஞாயிறை அதற்கென ஒதுக்கினார். முதியோரை நேரிலோ, நேரில் முடியாதபோது தொடர்புச் சாதனங்கள் வழியாகவோ சந்திப்பவர்களுக்குத் திருச்சபை பரிபூரண பலனையும் அறிவித்தது. ஆனால் நேரில் செல்ல முடிந்தவர் கைப்பேசியோடு நின்றுவிடுவது வேறு.

வயதுவந்த பிள்ளைகள் தங்கள் பெற்றோருக்கு முதுமையிலும், நோயிலும், தனிமையிலும், துன்பத்திலும் பொருளுதவி மட்டுமன்றி மனத்துணையும் தர வேண்டும் என்பது திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2218-ஆம் எண்ணில் நினைவூட்டும் கடமை. தனிமை என்ற சொல் அங்கே நோயோடு சேர்த்தே வைக்கப்பட்டிருக்கிறது. மருத்துவ உலகமும் இன்று இதையே சொல்கிறது. உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், தனிமையோடு தொடர்புடைய இறப்புகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் ஒன்று 2025 சூனில் வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது. தொற்றிலிருந்து காப்பாற்றுவதாக எண்ணி, தனிமையின் கையில் நம் பெற்றோரை ஒப்படைத்துவிடக் கூடாது.

எதைத் தொடரலாம்? எதை விடலாம்?

நடைமுறையில் என்ன செய்வது என்று பலர் கேட்கிறீர்கள். சில எளிய வழிகாட்டுதல்களைத் தருகிறோம்.

தொடர வேண்டியவை: நமக்குக் காய்ச்சல், இருமல், தொண்டை வலி இருந்தால் முதியோரையும் நோயாளிகளையும் பார்க்கச் செல்வதை ஒரு வாரம் தள்ளிவைப்பது. தவிர்க்க முடியாமல் சென்றால் முகக்கவசம் அணிவது. வீட்டுக்குள் நுழைந்ததும் கைகளைக் கழுவுவது. சன்னல்களைத் திறந்து காற்றோட்டமாக அமர்வது. வயதானவர்களுக்குத் தேவையான தடுப்பூசிகள் பற்றி அவர்களுடைய மருத்துவரிடம் கேட்பது. இவை கொரோனாவுக்கு மட்டுமல்ல, எல்லாத் தொற்றுக்கும் பொருந்தும்.

விடவேண்டியவை: உடல் நலத்தோடு இருக்கும்போதும் வாசலோடு திரும்புவது. குழந்தைகளைத் தாத்தா பாட்டியிடம் அண்ட விடாதது. மருத்துவமனையில் இருக்கும் உறவினரைப் பற்றிப் 'புலனக் குழுவில் செய்தி வந்தது' என்பதோடு கடமை முடிந்ததாக நினைப்பது. துக்க வீட்டுக்குச் செல்லாமல் இரங்கல் செய்தி மட்டும் அனுப்புவது. நோயில்பூசுதல் அருளடையாளத்துக்கு அருள்பணியாளரை அழைக்கத் தயங்குவது.

மதிக்க வேண்டியவை: சில குடும்பங்களில் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை செய்தவரோ, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ இருக்கலாம். மருத்துவர் சொல்படி அவர்கள், "கூட்டமாக வராதீர்கள், முகக்கவசத்தோடு வாருங்கள்" என்று கேட்டால், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களை "இன்னும் கொரோனா பைத்தியமா?" என்று கேலி செய்வது பாவம். அங்கே விதி அல்ல, உண்மையான தேவை பேசுகிறது. யாருடைய உடல்நலம் பற்றிப் பேசுகிறோமோ, அவரையே கேட்டு முடிவெடுப்பது நல்லது. நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்தத் தாயிடம் "மகன் உள்ளே வரட்டுமா?" என்று யாருமே கேட்டதில்லை!

கதவுக்கு வெளியே நின்ற சகோதரி

இறுதியாக, வருகை நின்றுபோனதற்கு அச்சம் மட்டுமே காரணம் அல்ல. பல குடும்பங்களில் அன்று ஏற்பட்ட காயம் காரணம். நாம் அறிந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறோம்.

2020 சூன் மாதம். தந்தை மாரடைப்பால் இறந்துவிட்டார். சென்னையில் வாழ்ந்த மகள் இ-பாஸ் பெற்று, இரவெல்லாம் பயணம் செய்து வந்து சேர்ந்தார். சென்னையிலிருந்து வருபவர் என்றாலே ஊர் நடுங்கிய காலம் அது. அண்ணன் தங்கையை வீட்டுக்குள் விடவில்லை. தெருவில் நின்றபடியே தந்தையின் முகத்தைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு அவர் திரும்பினார். அதன்பின் அந்த வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. "நான் விதியைத்தானே சாமி கடைப்பிடித்தேன்" என்கிறார் அண்ணன். "விதி என்னை வரவிட்டது ஃபாதர். அண்ணன்தான் விடவில்லை" என்கிறார் தங்கை. இருவரும் சொல்வது உண்மைதான். அண்ணனின் வீட்டில் அப்போது கைக்குழந்தை இருந்ததும் உண்மை.

அன்று அந்த அடக்கச் சடங்கை நிறைவேற்றியவர்கள் நாம். தெருவில் தனியே நின்ற அந்தச் சகோதரியை நாமும் பார்த்தோம். இரண்டு எட்டு எடுத்து வைத்து அவரிடம் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்கலாம். ஆறடி தள்ளி நின்றுகூடச் சொல்லியிருக்கலாம். நாமும் அஞ்சினோம், சொல்லவில்லை. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், இந்தக் கட்டுரையைப் பிறருக்காக மட்டும் எழுதவில்லை என்று காட்டத்தான்.

இத்தகைய காயங்கள் ஆறுவதற்கு, அன்று யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய தேவையில்லை. "அன்று எனக்குப் பயமாக இருந்தது. உனக்கு வலித்திருக்கும்" என்று சொல்ல ஒருவர் முன்வந்தால் போதும். கடந்த கல்லறைத் திருநாளில் அண்ணனும் தங்கையும் தந்தையின் கல்லறைக்கு இருபுறமும் நின்று மெழுகுதிரி ஏற்றினார்கள். பேசிக்கொள்ளவில்லை. ஆனால் சில வாரங்களுக்குப்பின் அண்ணன் நம்மிடம் வந்து, "தங்கச்சிய வீட்டுக்குக் கூப்பிடணும் சாமி. நான் போனா கதவைத் திறப்பாளான்னு தெரியல. நீங்களும் கூட வர்றீங்களா?" என்று கேட்டார். பாளையத்துக்கு வெளியே குரு செல்ல வேண்டும் என்ற லேவியர் நூலின் சட்டம் நமக்கு அப்போது நினைவுக்கு வந்தது. செல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். கதவு திறக்குமா என்று தெரியாது. ஆனாலும் செல்வோம்.

அன்புக்குரியவர்களே, உறவினரான எலிசபெத்து முதிர்ந்த வயதில் கருவுற்றிருக்கிறார் என்று கேட்டதும், அன்னை மரியா மலைநாட்டுக்கு விரைந்து சென்றார். வாசலோடு திரும்பவில்லை. வீட்டுக்குள் நுழைந்தார், வாழ்த்தினார், ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார். நாம் மூன்று மாதம் தங்க வேண்டாம். ஒரு ஞாயிறு பிற்பகல் போதும். 2020-க்குப் பிறகு நாம் சென்று பார்க்காத உறவினர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். குடும்பச் செபத்தின்போது அப்பெயர்களைச் சொல்லி மன்றாடுங்கள். பிறகு, அவற்றில் ஒருவரது வீட்டுக்குக் குடும்பமாகச் செல்லுங்கள். கைகளைக் கழுவிவிட்டு, அவருக்கு அருகில் அமருங்கள்.

வாசலில் கிடக்கும் நாற்காலியை வீட்டுக்குள் எடுத்துப் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. இறைவன் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக!